இங்கன நல்லா ஓடுது

போன வாரம் நான் முன்ன வேலை பாத்த ஆபீசுப் பிள்ளைகள் போன் பண்ணிச்சு. "யக்கா, ஒரு பழைய புகார் இன்னும் திறந்தே கெடக்கு. கோளாறைச் சரிபண்ணி வருசக்கணக்கா ஆச்சு. மூடட்டுமான்னு ஏஐ தினமும் கேக்குது. மூடிருவோமா?"

"எந்தப் புகார்?"

"குற்றாலத்துல இருந்து மாடசாமின்னு ஒருத்தர் போட்டது."

அடுப்புல பால் இருந்ததே மறந்துபோச்சு. அது பொங்கி வழியுது, நான் போனைப் பிடிச்சுக்கிட்டு, "மூடிப் பாருங்க, நேரா அங்கன வந்து உங்க மேசை மேலயே ஏறி உக்காந்துருவேன்"னு கத்துதேன். பிள்ளைகள் பயந்துபோச்சு. பாவம், அதுகளுக்கு என்ன தெரியும்? "அப்ப ஏன்னு எழுதிக் குடுங்க யக்கா, நம்ம தளத்துல போடுதோம்"னு கேட்டுச்சுங்க. எழுதுதேன். ஆனா இதையும் ஏஐ கிட்ட குடுத்துச் சுருக்கி வாசிச்சீங்கன்னு தெரிஞ்சா, அதுக்கும் வருவேன்.

இப்பப் புகாருக்கெல்லாம் அதுதான் பதில் சொல்லுதாம். எடுத்த எடுப்புலயே 'உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்'ங்குது. எங்க காலத்துல நாங்க யாருமே வருந்தல. புகார் போட்டவரை வருந்த வச்சோம்.

என் பேரு பேச்சியம்மாள். தென்காசியில டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் முடிச்சு, படிச்ச இன்ஸ்டிடியூட்டுலயே சொல்லிக்குடுத்து, மிஷினெல்லாம் பழைய இரும்புக்குப் போனப்போ கம்ப்யூட்டருக்கு மாறுனவ. படிப்பு அவ்வளவுதான். மிச்சத்தைக் கரண்ட் கட்டு சொல்லிக்குடுத்துச்சு. அந்தக் காலத்துல கரண்ட் எப்பப் போகும்னு யாருக்கும் தெரியாது. அதனால ஒரு வரி அடிப்போம், சேவ் பண்ணுவோம். இன்னொரு வரி அடிப்போம், சேவ் பண்ணுவோம். இடது கை ரெண்டு விரலும் அதுபாட்டுக்குப் போய் சேவ் பண்ணுற கட்டைகளை அமுக்கிட்டு வந்துரும், நமக்கே தெரியாது. எங்க வட்டாரத்துல கம்ப்யூட்டர் படிச்ச அத்தனை பேருக்கும் இது மூச்சு விடுற மாதிரி.

பிறகு செங்கோட்டை ரோட்டு மாடியில இருந்த கம்பெனிக்கு வந்தேன். முதலாளி கோமதிநாயகம் சார். சென்னையில பெரிய வேலையில இருந்துட்டு, 'சொந்த ஊரில் உலகத்தரம்'னு போர்டு எழுதிக்கிட்டு வந்தவரு. ஏசி உலகத்தரத்துல இருந்துச்சு, சம்பளம் சொந்த ஊரா இருந்துச்சு.

சார் பொழைப்புக்குக் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவாரு. பேரு வாங்குறதுக்கு 'சாரல்' எழுதுனாரு. கம்ப்யூட்டர்ல எழுதுறதுக்குன்னு இலவசமா ஒரு எடிட்டர் இருக்குல்லா, அதுல ஒட்டிக்கிடுற சின்ன இணைப்பு அது. தமிழ்ல அடிக்கலாம், அடிக்க அடிக்க அது தானாவே சேவ் பண்ணிக்கிடும். யாரு வேணும்னாலும் சும்மா எடுத்துக்கிடலாம், உள்ளே எப்படி எழுதியிருக்குன்னும் திறந்து பாத்துக்கிடலாம். 'எழுதுங்க, மிச்சத்தை சாரல் பாத்துக்கிடும்'னு முதல் பக்கத்துல பெருசா போட்டிருந்தாரு. இந்த வாசகத்தை ஞாபகம் வச்சுக்கிடுங்க.

உலகம் பூரா அதைப் போட்டுக்கிட்டாங்க. உலகம் பூரா இருந்து புகாரும் வந்துச்சு. வர்ற புகாரை வாசிச்சு, விவரம் கேட்டு, சார் முன்னால கொண்டுபோய் வைக்கிறது என் வேலை.

சார் புகாரைப் பாக்கிறதுக்கு ஒரு முறை வச்சிருந்தாரு. முதல்ல கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு. "எந்த ஊர்க்காரன்?"னு கேப்பாரு. கடல் தாண்டின ஊரா இருந்தா நாற்காலி முன்னால வரும், ஆபீசே அவரைச் சுத்தி நிக்கணும். ஒரு நார்வேக்காரர், கமா ஒரு மயிரிழை இடப்பக்கமா விழுதுன்னு எழுதியிருந்தாரு. அந்தக் கமாவுக்காக ஒரு வாரம் நாங்க மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிட்டோம். சரியானதும் அவரு ஒரு சிரிக்கிற பொம்மையைப் பதிலா அனுப்புனாரு. சார் அதைக் கலர்ல பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டு, குற்றாலநாதர் படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு. வெள்ளிக்கிழமை ரெண்டுக்கும் சேத்துத்தான் சூடம் காட்டுவோம்.

உள்ளூர்ப் பேரா இருந்தா நாற்காலி பின்னால சாயும். "நம்ம ஆளா? பாப்போம்." அதோட அந்தப் புகாருக்குப் பாதி உசுரு போயிரும்.

நம்ம ஆளுகளும் லேசுப்பட்டவங்க இல்ல, பாத்துக்கிடுங்க. சிவகிரிப் பெரியவர் ஒருத்தரு ரெண்டு பக்கத்துக்குப் புகார் போட்டாரு. 'நலம், நலமறிய ஆவல்'னு ஆரம்பிச்சு, தமிழுக்கு நாங்க செய்யுற தொண்டைப் பாராட்டி, ஊர்ல மழை நிலவரத்தைச் சொல்லி, ஆசீர்வாதத்தோட முடிச்சிருந்தாரு. என்ன கோளாறுன்னு மட்டும் எழுத மறந்துட்டாரு. கேட்டேன். எங்க வீட்டுல எல்லாரும் சுகமான்னு விசாரிச்சு, பங்குனியில கோயில் கொடைக்குக் கூப்பிட்டு இன்னொரு பக்கம் வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அவருக்கு என்ன கோளாறுன்னு தெரியாது. கொடைக்குப் போயிட்டு வந்தேன்.

சார் கிட்ட ஒரு சட்டம் உண்டு. "நம்ம மிஷின்ல, என் கண்ணு முன்னால அதே தப்பு நடக்கணும். நடந்தா அது பக், நம்ம பிழை. நடக்கலைன்னா அது புகார் போட்டவனோட ராசி." எழுதுனது காணாமப் போச்சுன்னு எவனாவது சொன்னா, அதைச் சோதிக்கதுக்குப் பிளக் பிடுங்குற வைபவம் நடக்கும். சார் சட்டைக் கையை மடிச்சுவிட்டு உக்காருவாரு. 'தென்காசியில் சாரல் விழுகிறது'ன்னு ரெண்டு தடவை அடிப்பாரு. எப்பவும் அதே வரிதான். எந்திரிச்சுப் போய்ச் சுவத்துல இருக்குற பிளக்கைப் பிடுங்குவாரு. மிஷின் அணையும். திரும்பச் சொருகிப் போடுவாரு. திறந்து பாத்தா அந்த ரெண்டு வரியும் அப்படியே இருக்கும். சார் ரெண்டு கையையும் விரிச்சு, கல்யாண வீட்டுல பந்திக்குக் கூப்பிடுற மாதிரி எங்களைப் பாத்துச் சொல்லுவாரு: "இங்கன நல்லா ஓடுது."

நான் அதையே கொஞ்சம் கௌரவமா டைப் அடிச்சு அனுப்பிட்டுப் புகாரை மூடுவேன். வேலை பாத்த காலத்துல நான் அதிகமா அடிச்ச வாக்கியம் அதுதான்.

மாடசாமியோட புகார் வந்தது ஆனி மாசம். குற்றாலத்துல சீசன் தொடங்கிட்டு, அருவியில தண்ணி கொட்டுது, ஆபீசுல பாதிப் பேரு காலையில தலை ஈரத்தோட வருதாங்க. புகார் இப்படி இருந்துச்சு:

'நிலவரம்: தட்டச்சு செய்தேன். மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தது. எழுத்து இல்லை. நடவடிக்கை கோருகிறேன். மாடசாமி, குற்றாலம்.'

"குற்றாலமா?" சார் நாற்காலி சாஞ்சுது. "எவனாவது எண்ணெய் தேச்ச கையோட கீபோர்டைத் தொட்டிருப்பான்."

வைபவம் நடந்துச்சு. இங்கன நல்லா ஓடுது. மூடியாச்சு.

கொஞ்ச நாள்ல திரும்பவும் அதைத் திறந்தாரு. 'நிலவரம்: மாற்றமில்லை. அதே இழப்பு.' திரும்பவும் பிளக், திரும்பவும் ரெண்டு வரி, திரும்பவும் மூடியாச்சு. "சொன்னாக் கேக்க மாட்டேங்கானே இந்த ஆளு! நார்வேக்காரன் எவ்வளவு மரியாதையா எழுதுனான்!"னு சாருக்குக் கடுப்பு.

மூணாவது தடவை வந்ததை நான் திரும்பத் திரும்ப வாசிச்சேன்.

'நிலவரம்: மூன்றாம் முறையும் அதே இடம் போய்விட்டது. ஆவணிக்குள் முடித்தாக வேண்டும். இன்னொரு தடவை அவனைச் சாகக் கொடுக்க என்னால் முடியாது.'

"கதை எழுதுதான் போல," சார் கண்ணாடியைத் துடைச்சாரு. "கதைன்னா ஒருத்தன் சாகத்தான் செய்வான். நமக்கென்ன?"

"சார், இதைப் பாத்தா கதை மாதிரி இல்ல. குற்றாலம் என்ன கடலுக்கு அந்தப் பக்கமா? பஸ் ஏறினா வந்துட்டு. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"நல்லாயிருக்கே! ஒருத்தன் வீட்டுக்குப் போனா உலகம் பூரா கூப்பிடுவான். நார்வேக்குப் போவியா?"

அனுப்ப மாட்டேன்னுட்டாரு. சரின்னு மறுநாளைக்கு லீவு கேட்டேன். "எதுக்கு?"ன்னாரு. "அருவியில குளிக்க." "அதுக்கென்ன, தாராளமாப் போயிட்டு வா"ன்னு உடனே குடுத்துட்டாரு. பக் பாக்கப் போறேன்னா கிடைக்காது, குளிக்கப் போறேன்னா கிடைக்கும். சீசன்ல எங்க ஊரு ஆபீசுச் சட்டம் அது.

மறுநாள் மத்தியானம் பஸ்ஸு பூரா ஈரத் துண்டும் எண்ணெய் வாடையுமா இருந்துச்சு. விவரம் கேட்டப்போ அவரு குடுத்த விலாசப்படி, மெயின் அருவிக்குப் போற பாதையில ஒரு லாட்ஜு. அங்கன மாடசாமின்னு கேட்டதும், வரவேற்பு மேசையில சாவி குடுத்துக்கிட்டு இருந்த ஆளு தலையைத் தூக்குனாரு. நெட்டையான ஆளு, பட்டாளத்து முடிவெட்டு. இடது பக்கச் சட்டைக் கை முழங்கைக்குக் கீழ மடிச்சு ஊசி குத்தியிருந்துச்சு. உள்ளே கை இல்ல.

"சாரல் கம்பெனியில இருந்து வாரேன் அண்ணாச்சி."

என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "நீங்கதான் மூடுறவங்களா?"

"நான் டைப் அடிக்கிறவ. மூடச் சொல்லுறது வேற ஆளு."

"உக்காருங்க,"ன்னு டீ சொன்னாரு. யாரு செத்ததுன்னு கேக்காம டீயை ஆத்திக்கிட்டு இருந்தேன். அவரே சொன்னாரு. கூட்டாளி பேரு இசக்கி, சிவகிரிக்காரன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல பட்டாளத்துல சேந்து, ஒரே கூடாரத்துல கெடந்தவங்க. ஒரு வெடியில இவருக்குக் கை போச்சு, அவனுக்கு உசுரு போச்சு. ஊர்ல அப்ப அவன் பொண்டாட்டி முழுகாம இருந்தா. அந்தப் பிள்ளைக்குத்தான் ஆவணியில கல்யாணம்.

"பத்திரிகை வைக்க வந்தவ கேட்டா, 'பெரியப்பா, அப்பாவ போட்டோல பாத்திருக்கேன். எப்பிடிப் பேசுவாங்க, எதுக்குச் சிரிப்பாங்க, கடைசியில என்ன சொன்னாங்க? யாருமே சொல்ல மாட்டேங்காங்க'ன்னு. வாயால சொல்லலாம்னு பாத்தா எனக்கு முடியல. கல்யாணத்துக்குள்ள எழுதித் தாரேன்னு சொல்லிட்டேன்." வெளியே சாரலைப் பாத்துக்கிட்டே பேசுனாரு. "அவன் சப்பாத்தியைத் தீய விட்டது, பாடுதேன்னு கழுதையா கத்துனது எல்லாம் இருக்கு. கடைசி நாளு மட்டும் நிக்க மாட்டேங்கு. அது எழுத நேரமாவுது எனக்கு. முடிக்கதுக்குள்ள காத்துல கரண்ட் போயிருது. ஒவ்வொரு தடவையும் அவன் என் மடியில செத்து முடிக்கான், நான் எந்திரிச்சுப் போய் மூஞ்சியைக் கழுவிட்டு வந்து பாக்கேன், வெறும் வெள்ளையா இருக்கு."

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. டீயைக் குடிக்க மாதிரி டம்ளருக்குள்ள மூஞ்சியை வச்சுக்கிட்டேன்.

அந்த மேசை மேல இருந்த அவரோட மிஷின்ல நான் உக்காந்து ரெண்டு வரி அடிச்சேன். அவரு பிளக்கைப் பிடுங்குனாரு. திரும்பப் போட்டா, ரெண்டு வரியும் இருக்கு! எனக்கே சந்தேகம் வந்துட்டு, சார் சொல்லுற ராசி நெசந்தானோன்னு.

"உங்க கைக்கு நிக்கி," அண்ணாச்சி மெதுவாச் சொன்னாரு.

"இப்ப நீங்க அடிங்க அண்ணாச்சி. நான் பாக்கேன்."

ஒத்தக் கையால நிதானமா, ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சாரு. நான் பக்கத்துல கையை மடியில வச்சுக்கிட்டுப் பாக்கேன். ஒரு வரி முடிஞ்சுது. என் மடியில கெடந்த இடது கை தானா ரெண்டு விரலைச் சேலை மேல அமுக்குச்சு. அவரு அடுத்த வரிக்குப் போயிட்டாரு. அந்த வரியும் முடிஞ்சுது. திரும்பவும் என் விரல் அமுக்குச்சு. அவரு கை மட்டும் அந்தப் பக்கம் போகவே இல்ல.

"அண்ணாச்சி, நீங்க சேவ் பண்ண மாட்டீங்களா?"

"நான் எதுக்குப் பண்ணணும்?" அவருக்கு ஆச்சரியம். "எழுதுங்க, மிச்சத்தை சாரல் பாத்துக்கிடும்னு நீங்கதான போட்டிருக்கீங்க? எழுதி முடிச்சு மூடும்போது மிஷினே வேணுமான்னு கேக்கும், ஆமான்னு அமுக்குவேன். நடுவுல இந்த ஒத்தக் கையை வச்சுக்கிட்டு அங்கனயும் இங்கனயும் எட்ட வேண்டாமேன்னுதான உங்க சாரலைப் போட்டதே?"

பிளக்கைப் பிடுங்கிப் போட்டோம். வெறும் வெள்ளை.

பஸ்ஸுல திரும்பி வரும்போது அவரோட முதல் புகாரை மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன். 'தட்டச்சு செய்தேன். மின்சாரம் நின்றது.' ஒரு குறை சொல்ல முடியாத புகார். நடுவுல சேவ்னு ஒரு வார்த்தை கெடையாது, ஏன்னா அவரு அதைச் செய்யல. நாங்கதான் இல்லாத வார்த்தையைச் சேத்து வாசிச்சிருக்கோம்.

மறுநாள் காலையில சார் கிட்ட சொன்னேன். லீவுல எங்க போனேன்னு தெரிஞ்சதும் அவருக்கு மூஞ்சி சிவந்துட்டு. "அப்ப அது பக் இல்ல. அந்த ஆளோட பழக்கம்."

"பழக்கம் நமக்குத்தான் சார். சேவ் பண்ணாம ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க."

"இதென்ன பெரிய காரியம்?" சட்டைக் கையை மடிச்சாரு. 'தென்காசியில் சாரல் விழுகிறது.' டக்குன்னு விரல் போய் அமுக்கிட்டு வந்துட்டு.

"சேவ் பண்ணிட்டீங்க சார்."

"இல்லையே!"

"பண்ணிட்டீங்க."

திரும்ப அடிச்சாரு. திரும்ப அமுக்குனாரு. கூட நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. "ஏலே, சிரிக்கவன் வந்து அடிச்சுக் காட்டுலே!"ன்னாரு. ஒவ்வொருத்தரா வந்து உக்காந்தாங்க. ஒருத்தருக்கும் முடியல. கணக்குப் பாக்குற கற்பகம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு வரியைத் தாண்டிட்டா, ரெண்டாவது வரியில முற்றுப்புள்ளி வைக்கும்போது கை ஓடிட்டு. ஒரு ஆபீசே, தானா சேவ் ஆகுதான்னு சோதிக்கதுக்கு, கையால சேவ் பண்ணிப் பண்ணிப் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்!

கடைசியில நான் மிஷினை அணைச்சுத் திரும்பப் போட்டுட்டு, சூடா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து சாரோட இடது கையில குடுத்தேன். "கீழ வைக்காதீங்க சார். இப்ப அடிங்க."

கோவம் அவருக்கு. வழக்கமான வரியை விட்டுட்டு, வலது கையால என் மேலயே ஒரு சுற்றறிக்கை அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. பணியாளர்கள் அனுமதியில்லாமப் பயனர்களை நேர்ல போய்ப் பாக்குறது நிறுவனத்தோட மாண்புக்கு எவ்வளவு கேடுன்னு. டீ சுடச்சுட, ஒத்த விரலால, வேர்வை வழிய அடிச்சாரு. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே வந்திருந்துச்சு. அவருக்கே பெருமையாகிப்போய்ச் சாஞ்சு உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சாரு.

அந்த நேரம் பாத்து நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

திரும்பப் போட்டோம். வெறும் வெள்ளை. சார் திரையைப் பாத்தாரு. எட்டி அதுக்குப் பின்னாலயும் பாத்தாரு. "எங்க போச்சு?"

"மாடசாமி அண்ணாச்சியோடது போன இடத்துக்குத்தான் சார்."

அதுக்கு அப்புறம் ஒருத்தரும் சிரிக்கல. உள்ளே திறந்து பாத்தா விசயம் ரொம்பச் சின்னது. உக்காந்த உடனே ஒரு தடவையாவது நாம கையால சேவ் பண்ணுனாத்தான் சாரல் கண்ணு முழிக்கும், அதுக்கப்புறந்தான் தானா சேவ் பண்ணும். நாங்க எல்லாரும் முதல் வரியிலயே அதைத் தட்டி எழுப்பிட்டதால, அது தூங்கி நாங்க பாத்ததே இல்ல. எங்க வாசகத்தை அப்படியே நம்புன ஆளுக்கு மட்டும் அது தூங்கியிருக்கு. நினைச்சா இப்பவும் ஆத்திரமா வருது.

அன்னைக்குச் சாயங்காலமே ஒரு வரியை மாத்திச் சரிபண்ணியாச்சு. புதுப் பதிப்போட குறிப்புல 'எழுத்து காணாமல் போகும் பிழை நீக்கப்பட்டது'ன்னு நான் எழுதிக் குடுத்தேன். சார் அதை வெட்டிட்டு, 'உலகளாவிய பயனர் அனுபவம் மேலும் மெருகேற்றப்பட்டுள்ளது'ன்னு போட்டாரு. "பிழைன்னு நாமளே சொன்னா மதிப்பு போயிரும் பேச்சியம்மா." சண்டை போட்டுப் பாத்தேன், கேக்கல. நார்வேக்காரர் அதுக்கும் ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்பியிருந்தாரு.

மாடசாமி அண்ணாச்சிக்குப் போன் பண்ணிப் புதுசைப் போட்டுக்கிடச் சொன்னேன். "சரி"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஆடி மாசம் பூரா பேச்சு மூச்சு இல்ல. எனக்கு இருப்புக் கொள்ளல. மிஷினைச் சரிபண்ணியாச்சு, அந்த மனுசன் நாலாவது தடவை உக்காருவாரா? உக்காருங்கன்னு சொல்ல நான் யாரு? காத்தடிச்சு ஆபீசுல லைட்டு மினுங்குற போதெல்லாம், அங்கனயும் போயிருக்குமோ, அவரு எந்த வரியில இருப்பாரோன்னு நெஞ்சு அடிச்சுக்கிடும். சாரும் நேரா மூஞ்சியைப் பாத்துக் கேக்கல. ஆனா தினமும் என் மேசையைத் தாண்டும்போது, "குற்றாலம் என்னாச்சு?"ன்னு எங்கேயோ பாத்துக்கிட்டே ஒரு வார்த்தை போட்டுட்டுப் போவாரு.

ஆவணி பிறந்து ஒரு நாள் காலையில வந்துச்சு. நான் எல்லாருக்கும் கேக்கும்படி வாசிச்சேன்.

'நிலவரம்: கடைசி நாளை எழுதினேன். நடுவில் மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தது. இசக்கி இருந்தான். பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். புகாரை மூடலாம்.'

சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அன்னைக்கு எந்த ஊர்க்காரன்னு கேக்கல. "நகரு, நானே மூடுதேன்"ன்னு என் நாற்காலியில உக்காந்தாரு. மூடுறதுன்னா கீழ ஒரு பதில் எழுதணும்லா. பழக்கதோசத்துல 'இங்கன நல்லா ஓடுது'ன்னு அடிச்சுட்டாரு. அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பிறகு ஒவ்வொரு எழுத்தா அழிச்சாரு. வேற என்னமோ அடிக்கப் போனாரு, அடிக்கல. இடது கை மட்டும், ஒண்ணுமே எழுதாத அந்த இடத்தை ரெண்டு தடவை சேவ் பண்ணுச்சு.

"கெடக்கட்டும் பேச்சியம்மா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

அதான் பிள்ளைகளா, அது திறந்தே கெடக்கு. சாருக்கு வார்த்தை கிடைக்கல. நானும் ரிட்டயர் ஆகுற வரைக்கும் எத்தனையோ நாள் அதைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்து பாத்தேன், எனக்கும் கிடைக்கல. உங்க ஏஐக்குக் கிடைச்சா முதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. சிரமத்திற்கு வருந்துகிறோம்னு மட்டும் அங்கன போட்டுறாதீங்க.